பாதிமலைக் கோஷ்டி

ஏழு மாதத்தில் ஏழு மலை. ஏழிலும் பாதிதான். இதை நினைக்கும்போதெல்லாம் ஆரோக்கியமேரிக்கு வயிறு எரியும்.

அனந்தகிரியில் ஜம்புநாதனுக்கு மூச்சு வாங்கியது. எட்டுப் பேரும் திரும்பிவிட்டார்கள். அடுத்த மாதம் கோல்கொண்டா. அது மலைகூட இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி ஏறுகிற கோட்டை. அங்கே ஜம்புநாதனின் மனைவி புஷ்பாவுக்குச் செருப்பு வார் அறுந்தது. எட்டுப் பேரும் திரும்பிவிட்டார்கள். காஜாகுடா பாறையில் ஏறிக்கொண்டிருந்தபோது ஃபெலிக்ஸுக்கு வீட்டிலிருந்து போன். மருமகள் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாளாம். சாவி வீட்டுக்குள்ளே, மருமகள் வாசலிலே, ஃபெலிக்ஸ் மலைமேலே. எட்டுப் பேர் இறங்கிப் போய் அதில் என்ன கிழிக்கப் போகிறார்கள்? ஆனாலும் இறங்கினார்கள். மற்ற நான்கு மலைகளின் கதையும் இதே லட்சணம்தான், சொன்னால் உங்களுக்கும் எரியும்.

"பாதிமலைக் கோஷ்டி இந்த வாரம் எங்க போறீங்க?" என்று மகன் எட்வின் கேலி செய்வான்.  கேலியில் உண்மை இருந்தால் என்னத்தைச் சொல்வது?

அந்தக் கோஷ்டி ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர்களுடையது. ஆரம்பித்தவர் உலகநாதன். ஃபிட்டராக இருந்தவர், அதைவிட முக்கியமாக, இருபது வருஷம் யூனியன் கிளைச் செயலாளராக இருந்தவர். ரிடையர் ஆகி எட்டு வருஷம் கழிந்த பின்னும் எல்லோருக்கும் அவர் 'செக்ரட்டரி'தான். பார்க்கைச் செக்குமாடு மாதிரி சுற்றி அலுத்துப்போய், மாதத்துக்கு ஒரு மலை என்று அவர்தான் திட்டம் போட்டார். அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்தார்: ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஒர்க்ஷாப்பில் ஒருவனைச் சஸ்பெண்ட் செய்தால் எல்லோரும் கருவிகளைக் கீழே வைப்பார்களே, டூல் டவுன், அந்தப் பழக்கம். மெஷினுக்குச் செய்ததை மலைக்கும் செய்தார் மனுஷன்.

இதை எதிர்த்துப் பேச மேரிக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய கணவர் செல்வராஜ் மார்வலியில் போனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது, எட்வினுக்கு ஐந்து. கருணை அடிப்படையில் வேலை வாங்கித் தருவதற்காகப் பதினான்கு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அவளோடு நடந்தவர் உலகநாதன். வேலை கிடைத்த முதல் வாரம், பெர்த் உறை தைக்கிற ட்ரிம்மிங் ஷாப்பின் மேஸ்திரி ஒருவன் எல்லோர் முன்னாலும் அவளைக் கேவலமாக ஏதோ சொன்னான். அரை மணி நேரத்தில் அந்த ஷாப்பில் ஒரு தையல் மெஷினும் ஓடவில்லை. அவன் வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் ஓடியது. அந்த மனிதரிடம் போய், உங்கள் சட்டம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. முட்டிதான் காரணம். இரண்டு வருஷமாகத் தேய்ந்து தேய்ந்து, இப்போது எலும்பும் எலும்பும் உரசுகிறது. இரண்டு முட்டியையும் மாற்றுவதற்கு டாக்டர் தேதி குறித்துவிட்டார், டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. "அப்புறம் நல்லா நடக்கலாம்மா. மலை கிலையெல்லாம் மறந்துடுங்க" என்றார். கிலையாம். இருபத்தெட்டு வருஷம் ஊரான் படுத்துக்கொண்டு போவதற்காக பெர்த்துக்கு ரெக்ஸின் தைத்தவள் அவள். அந்த பெர்த்தெல்லாம் காசிக்கும் ஜம்முவுக்கும் போயின. அவள் போனது லாலாகுடாவிலிருந்து மல்காஜ்கிரி வீடு வரைக்கும்தான். வாழ்நாளில் ஒரே ஒரு உச்சியிலாவது நின்று கீழே பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

முட்டிக் கதையை அவள் கோஷ்டியில் மூச்சுவிடவில்லை. சொன்னால் வீட்டில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். ரயில்வேயில் 'மெடிக்கல் அன்ஃபிட்' என்று ஒரு சொல் உண்டு. அது ஒருவர் பேருக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டால், நல்ல வேலைக்காரன்கூட மூலையில் உட்கார்ந்து சாவிக்கொத்துக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

ஆகவே நவம்பர் மாதக் கூட்டத்தில், ரயில்வே கிரவுண்டு பெஞ்சில் எட்டுப் பேரும் உட்கார்ந்து, அடுத்தது வாரங்கல் ரோட்டில் இருக்கும் புவனகிரிக் கோட்டை என்று முடிவான கையோடு, அவள் ஆரம்பித்தாள்.

"செக்ரட்டரி சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லு மேரி."

"யாருக்காவது முடியலைன்னா அவங்க அங்கயே உக்காரட்டும். மத்தவங்க மேல போய்ப் பாத்துட்டு வரட்டும். இப்படி ஏழு மலையும் பாதியில விட்டா எப்படி?"

உலகநாதன் முகம் சுருங்கிவிட்டது. "விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"விட்டுட்டு எங்க சார் ஓடிடப் போறோம்? மேலதான போறோம். வர்றதும் அதே வழிதான."

 முதலில் கை தூக்கியது ஜம்புநாதன். "என்னால மட்டும் மூணு தடவ எல்லாரும் திரும்பியாச்சு செக்ரட்டரி. எனக்கே வெக்கமா இருக்கு. மேரிம்மா சொல்றது நியாயம்" என்றார். புஷ்பா தூக்கினாள். ஃபெலிக்ஸ் தூக்கினார். ஒவ்வொன்றாக ஏழு கைகள். உலகநாதன் கை மட்டும் மடியிலேயே இருந்தது. ஏழு கைகளையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு, "மெஜாரிட்டி. சரி" என்றார். அந்தச் 'சரி'யில் ஒரு உப்பும் இல்லை. மேரிக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சங்கடம் ஒரு வாரத்தில் போய்விடும், போன முட்டி திரும்ப வருமா?

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அவள் கிளம்பும்போது எட்வின் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"கைக்கு மம்மி, ஏன் போற? வியாழக்கிழமை சர்ஜரி. இன்னும் நாலு நாளு. சொன்னா கேக்கவே மாட்டியா?"

"நாலு நாளு இருக்கு இல்ல. தள்ளுடா."

"வத்து மம்மி, வேணாம், ப்ளீஸ்."

"சாயங்காலம் வந்துடறேன். ஃபிரிட்ஜ்ல தோசை மாவு இருக்கு."

சுடிதாருக்குள்ளே இரண்டு முட்டிக்கும் இறுக்கமான உறை போட்டிருந்தாள். வலிமாத்திரை ஒன்று வயிற்றில், இன்னொன்று பையில். வேன் உப்பல் தாண்டி, கட்கேசர் தாண்டிப் போனது. புவனகிரி ஊருக்குள் நுழைந்ததும் அந்தப் பாறை தெரிந்தது. ஒரே கல். ஊருக்குப் பின்னால் யானை படுத்த மாதிரி மொழுக்கென்று கிடந்தது. மேரி பார்த்த முதல் பார்வையிலேயே, ஏறிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

பாறையை வெட்டிச் செய்த படிகள், ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது அரை ஜாண், ஒழுங்கே கிடையாது. ஆனாலும் அவள்தான் முன்னால் போனாள். பின்னால் ஜம்புநாதன் உலைத்துருத்தி மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டு வந்தார். அவர் நிற்கும்போதெல்லாம் அவள் திரும்பி, "உக்காருங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. நாங்க போயிட்டு வந்துடறோம்" என்றாள். தேனாகத்தான் சொன்னாள். மனசுக்குள்ளே, இந்தத் தடவை உன்னால் என்னை இறக்க முடியாது என்று ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. அது பொய்யில்லை, இருந்தது.

படிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். இருநூற்றுப் பதினொன்று. அடுத்த படிக்கு வலது காலைத் தூக்கி வைத்து, இடது காலை இழுத்தபோது, இடது முட்டிக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?" என்றாள் புஷ்பா.

"ஒண்ணுமில்ல. லேஸ் அவுந்துடுச்சு."

லேஸைக் கட்டினாள். அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டியில் இருந்து தொடை வரை ஒரு வலி கிழித்துக்கொண்டு ஏறியது. "அம்மா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். புஷ்பா தொட்டுப் பார்த்தபோது முட்டி உறை கையில் தட்டுப்பட்டது. அதற்கப்புறம் எதை மறைப்பது? வியாழக்கிழமை ஆபரேஷன், இரண்டு முட்டியும், இரண்டு வருஷமாக வலி என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே மேரி" என்றார் உலகநாதன்.

"சொன்னா அன்ஃபிட்டுன்னு வீட்டுல உக்கார வெச்சிருப்பீங்க."

அவர் மறுக்கவில்லை. ஏழு பேரும் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேலே பாறை வெயிலில் பளபளத்தது. உச்சிச் சுவர்கூட அங்கிருந்து தெரிந்தது. கடைசியில் மேரியே பேசினாள்.

"என்ன நிக்கறீங்க? போங்க. அதான் ரூல் இருக்கு இல்ல."

சொல்லிவிட்டு உலகநாதனைப் பார்த்தாள். 'நக்கோ மேரி, போக வேணாம், எல்லாரும் திரும்பலாம்' என்று அவர் சொல்லுவார். சொன்னால், வேண்டவே வேண்டாம் என்று அவள் சண்டை போடுவாள். அவர் விடமாட்டார். கடைசியில் எட்டாவது மலையும் பாதியில் நிற்கும். அவள் அழுதுகொண்டே திட்டிக்கொண்டே இறங்குவாள். இதெல்லாம் அவள் மனசில் ஒரு நொடியில் ஓடியது. நடந்தது வேறு. உலகநாதன் மேலே ஒரு தடவை பார்த்தார். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். குடையை விரித்து அவள் கையில் கொடுத்தார்.

"அரை மணி நேரம். ஓடி வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினார்.

மற்றவர்களும் போனார்கள். சாப்பாட்டுப் பையை அவள் அருகில் வைத்துவிட்டுப் புஷ்பா போனாள். கடைசியாக ஜம்புநாதன். அவளைத் தாண்டும்போது அவள் கண்ணைப் பார்க்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று நின்று போனார். ஆனால் போய்க்கொண்டே இருந்தார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். கூட்டம் கூட்டி, வாயைத் திறந்து, ஆறு பேர் கையைத் தூக்கவைத்து அவள் வாங்கிய சட்டம் முதன்முதலில் அவள் தலையிலேயே விழுந்தது. யாரைக் குறை சொல்வது? குறை சொல்ல ஆளில்லாத கோபம் இருக்கிறதே, அதைப்போல ஒரு கொடுமை கிடையாது. முட்டியைத் திட்டினாள். டாக்டரைத் திட்டினாள். குடை கொடுத்துவிட்டுப் போன மகானுபாவரைத் திட்டினாள். குடையைக் கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை கொடுக்கத் தெரியவில்லையே.

ஏறி வந்த ஒரு பெண்ணும் பையனும் நின்று, "ஆன்ட்டி, ஓகேனா?" என்று தெலுங்கில் விசாரித்தார்கள். "நேனு பாகானே உன்னா. மீரு வெள்ளண்டி", நன்றாகத்தான் இருக்கிறேன், நீங்கள் போங்கள் என்று அனுப்பிவைத்தாள். எல்லோரையும் அனுப்பிவைக்கிற வேலைதான் அவளுக்கு வாய்த்தது.

அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. அப்போது மேலே இருந்து ஒரு கூச்சல் கேட்டது. அதில் உலகநாதன் குரல் தனியாகத் தெரிந்தது. ஒர்க்ஷாப் வாசலில், கேட் மீட்டிங்கில் கோஷம் போட்ட குரல். மைக் இல்லாமல் முந்நூறு பேருக்குக் கேட்கும். என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. சிரிப்பது மட்டும் புரிந்தது. மேரிக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

அரை மணி என்று போனவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். வியர்வையும் சிரிப்புமாக, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வந்தார்கள். ஜம்புநாதன் முகத்தில் அப்படி ஒரு களையை அவள் பார்த்ததே இல்லை.

"மேரிம்மா, பாறை மேலயே ஒரு குளம் இருக்கு. அந்த உச்சியில தண்ணி நிக்குது. காத்து ஆளையே தள்ளுது. நான் ஏறிட்டேன் மேரிம்மா, நான்."

"நல்லதுண்ணே" என்றாள்.

புஷ்பா போனை நீட்டினாள். இடிந்த சுவருக்கு முன்னால் ஏழு பேர், தோளில் கை போட்டுக்கொண்டு. "நீ சொன்னது நூத்துக்கு நூறு சரிக்கா. முதல்லயே இப்படிச் செஞ்சிருந்தா ஏழு மலையும் பாத்திருக்கலாம்."

மேரி அந்தப் படத்தைப் பார்த்தாள். புஷ்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாராட்டித்தான் சொன்னாள். அதனால்தான் தாங்கமுடியவில்லை.

"வா மேரி. ரெண்டு பக்கமும் புடிச்சு மெதுவா இறக்கிடறோம்" என்று உலகநாதன் கை நீட்டினார்.

"எங்க இறக்கப் போறீங்க? நான் இன்னும் மேலயே போகலையே."

"முட்டிய வெச்சுக்கிட்டு எப்படிப் போவ?"

"முட்டிதான மடங்கல. உக்கார்ற இடம் நல்லாத்தான் இருக்கு."

குடையை மடக்கிக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் பின்னால் இருந்த படியில் ஊன்றி, வலது காலை உதைத்து, உடம்பைத் தூக்கி மேல் படியில் உட்கார்ந்தாள். இடது கால் மரக்கட்டை மாதிரி கூடவே வந்தது. ஒரு படி. மறுபடியும் கையை ஊன்றினாள். இரண்டு படி.

"அக்கா, என்னக்கா இது" என்று புஷ்பா ஓடிவந்தாள்.

"நக்கோ. யாரும் தொடாதீங்க. நான் நின்னப்ப நீங்க போனீங்க இல்ல, இப்ப நான் போறேன், நீங்க நில்லுங்க."

"வெயில் ஏறுது மேரி. வேன்காரன் ரெண்டு மணிக்கு வரச் சொன்னான்" என்றார் உலகநாதன்.

"நிப்பான். ஏழு தடவ யாரு யாருக்கோ நான் இறங்கினேன். ஒரு தடவ எனக்கு ஒரு வேன்காரன் நிக்கமாட்டானா?"

 அவள் பின்னோக்கியே ஏறினாள். முகம் அவர்கள் பக்கம், முதுகு உச்சியின் பக்கம். ஒவ்வொரு படிக்கும் அவர்கள் கொஞ்சம் சிறிதானார்கள். கல் சுட்டது. உள்ளங்கை தோல் உரிந்தது. சுடிதார் பின்புறம் எங்கேயோ கிழிந்த சத்தம் கேட்டது, கிழியட்டும். ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பிள்ளை அவளைப் பார்த்து அதே மாதிரி உட்கார்ந்து ஏறப் பார்த்து, அம்மாவிடம் அடி வாங்கியது.

நாற்பது படி போனபோது உலகநாதன் தனக்கு மூன்று படி கீழே ஏறி வந்துகொண்டிருப்பதைக் கவனித்தாள். அறுபத்தெட்டு வயதில் இரண்டாவது தடவையாக ஏறுகிறார். 

"உங்கள நிக்கச் சொன்னேன்."

"கிட்ட வரல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு நான் கை தூக்கல மேரி."

"தூக்கலதான். ஆனா போனீங்க இல்ல."

"ஆமா. போனேன்."

"ஏன் சார்?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் பாக்கணும்னு இருந்தது. ஏழு தடவையும் இருந்தது. ரூல் போட்டவன் எப்படிச் சொல்லுவேன்?"

 இந்த மனிதருக்கும் ஒரு ஆசை இருக்கும் என்று முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் நினைத்ததில்லை. கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் முழித்தது. அவள் மறுபடியும் கையை ஊன்றினாள்.

படி முடிந்து வழுக்குப் பாறை வந்தது. அங்கே ஒரு கையால் கம்பியைப் பிடித்து இழுத்து, ஒரு கையால் தள்ளி ஏறினாள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வேன்காரன் உலகநாதனுக்கு மூன்று தடவை போன் செய்தான்; மூன்று தடவையும் அவர், "ஆத்மி ஊபர் ஹை, டைரோ", ஆள் மேலே இருக்கு, நில்லு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திடீரென்று முதுகில் காற்று அடித்தது. கையை ஊன்றினால் பின்னால் இன்னொரு ஏற்றம் இல்லை, தரைதான் இருந்தது.

மேரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஏறி வந்த பாறைதான் தெரிந்தது. பார்க்க வேண்டியதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்ப முயன்றாள், இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கையில் சொட்டுப் பலம் இல்லை. தனியாக ஏறியாயிற்று, தனியாகத் திரும்ப முடியவில்லை.

"சார், என்னைத் திருப்பி உக்கார வைங்க."

உலகநாதன் வந்து, அக்குளில் கை கொடுத்து, மூட்டையைத் திருப்புவதுபோல அவளைத் திருப்பி வைத்தார். பிறகு அவரும் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஒரு குளம். பச்சைத் தண்ணீர். இடிந்த சுவர், சுவரெல்லாம் காதலர்கள் கிறுக்கிய பெயர்கள். இரண்டு சிப்ஸ் பாக்கெட் காற்றில் உருண்டன. கீழே ஊர், வயல், வாரங்கல் ரோடு, ரோட்டில் எறும்பு எறும்பாக லாரிகள். அதற்கு அப்பால் புகைமூட்டம். ஹைதராபாத் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், தெரியவில்லை.

மேரி ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.

"இவ்வளவுதானா சார்?"

"இவ்வளவுதான் மேரி."

"இதுக்கா என்னை விட்டுட்டுப் போனீங்க?"

உலகநாதன் காலை நீட்டிக்கொண்டு நன்றாக உட்கார்ந்தார். அவளும் கீழே போகலாம் என்று சொல்லவில்லை.